எமன் வேஷத்தைக் கலைத்த வாத்தியார்

திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்து, அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் தரிசித்துவிட்டு, செஞ்சி வழியாக ஊர் திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வழியில் கீழ்பென்னாத்தூர் என்று ஓர் ஊர் வரும். பஸ் நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், நாலு பேர் ஏறுவார்கள். கால்வலியோடு கண்ணயர்ந்திருக்கும் நமக்கு அந்த ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தப் பக்கத்துக் கிராமம் எதிலாவது ஓர் இரவு தங்கும் சந்தர்ப்பம் வாய்த்தால், தூங்காதீர்கள்! திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கிறதா என்று விசாரியுங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் பாரதக் கூத்து. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் கிழக்கு வெளுக்கும் வரையில் நடக்கும். இரண்டு பேர் படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். படுதாவுக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுப்பான். கட்டியக்காரன் குறுக்கே குறுக்கே பேசி, பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைச் சிரிக்க வைப்பான். பகலெல்லாம் ஏர் பிடித்த கை, இரவில் கிரீடமும் புஜக்கட்டையும் தரித்து மேடையைச் சுற்றி வரும்.

அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேஷம் கட்டி வெளியே வருமுன் அந்தத் துரியோதனன் ஒருவருடைய காலைத் தொட்டு வணங்குவான். அவருக்குக் கிரீடம் இல்லை. முகத்தில் அரிதாரம் இல்லை. தாளத்தை வைத்துக்கொண்டு பின்னால் நின்று பாடுவார். வேஷக்காரனுக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். அவர்தான் வாத்தியார். ஆட்டம் முடிந்தால் ஊரார் துரியோதனனைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வாத்தியாருடைய பெயரை யாரும் கேட்பதில்லை.

இதே மாவட்டத்தில்தான் புரிசை இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கற்றுத் தரும் குடும்பத்தில் வந்தவர் கண்ணப்பத் தம்பிரான். சென்னையில் ந. முத்துசாமி 1977-ல் ‘கூத்துப்பட்டறை’யைத் தொடங்கியபோது, படித்த பட்டணத்து நடிகர்கள் அந்தக் கிராமத்து வாத்தியாரிடம்தான் அடவு பயின்றார்கள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அந்தச் சாலை செஞ்சிக்கும், திண்டிவனத்துக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் போகிறது. அந்தச் சாலை முடியும் புதுச்சேரியில், கருவடிக்குப்பம் இடுகாட்டில், தமிழ் நாடக வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியாரான ஒருவர் துயில்கிறார். அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உப்புக் கணக்கர்

தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டி என்ற சிற்றூரில், 1867-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி பிறந்த குழந்தைக்குச் சங்கரன் என்று பெயரிட்டார்கள். தகப்பனார் தாமோதரம் பிள்ளை இராமாயணத்தில் கரை கண்டவர். ஆகவே பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். சந்தப் பாட்டில் தண்டபாணி சுவாமிகளுக்கு நிகர் அக்காலத்தில் யாரும் இல்லை. அந்தச் சந்தம் மாணவரின் நாவில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் சந்தம் சோறு போடுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், மரியாதையான உத்தியோகம். பெற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இருபத்து நாலாவது வயதில், 1891-ல், சங்கரதாஸ் பேரேட்டை மூடி வைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்!

இன்று ‘பையன் நடிக்கப் போகிறான்’ என்றால் அக்கம்பக்கத்தார் ஆசையோடு விசாரிக்கிறார்கள். அன்று அப்படி அல்ல. ‘கூத்தாடி’ என்பது வசைச் சொல். நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். குடியிருக்க வீடு தர யோசிப்பார்கள். அதே 1891-ம் வருஷம்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் வக்கீல்களும் பொழுதுபோக்காக நடித்த சபை அது. அவர்களுக்கு மறுநாள் கோர்ட் இருந்தது, உத்தியோகம் இருந்தது. சங்கரதாஸோ திரும்பிப் போக ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் வந்தவர்.

சனீஸ்வரனும் எமனும்

ஆஜானுபாகுவான தேகம், கம்பீரமான குரல். கம்பெனிக்காரர்கள் அவருக்குக் கொடுத்தவை இரணியன், இராவணன், சனீஸ்வரன், எமன் ஆகிய பயங்கரப் பாத்திரங்கள். அவற்றை அவர் எப்படி நடித்தார் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அவருடைய மாணவர் டி. கே. சண்முகமும் அவற்றை எழுதி வைத்திருக்கிறார்.

நள தமயந்தி நாடகத்தில் ஓர் இரவு அவர் சனீஸ்வரன் வேஷம் போட்டார். உடம்பெல்லாம் கறுப்பு மை. விடியும் முன் நாடகம் முடிந்தது. வேஷத்தைக் கழுவக் குளக்கரைக்குப் போனார். அந்த அரையிருட்டில் துணி வெளுக்க வந்த ஒரு பெண், எதிரே நின்ற அந்தக் கரிய உருவத்தைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே விழுந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை.

இன்னொரு நாள் சாவித்திரி நாடகம். எமனாக வந்த சங்கரதாஸ், பாசக் கயிற்றை வீசி, சத்தியவான் உயிரைப் பறிக்கக் கர்ஜித்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணி ஒருத்திக்கு அந்த அதிர்ச்சியில் கருச்சிதைவு ஏற்பட்டுவிட்டது.

மற்றொரு நடிகராக இருந்திருந்தால் இதை விளம்பரம் செய்திருப்பார். ‘கண்டவர் நடுங்கும் எமன்!’ என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகப் பணம் பண்ணியிருக்கலாம். சங்கரதாஸ் என்ன செய்தார் தெரியுமா? இனி வேஷமே போடுவதில்லை என்று தீர்மானித்தார். ஒரு தாயின் வயிற்றிலிருந்த சிசுவைப் பறித்த வேஷம் தமக்கு வேண்டாம் என்று அரிதாரத்தைக் கலைத்தார்.

யோசித்துப் பாருங்கள். குடும்பத்தை விட்டு, உத்தியோகத்தை விட்டு, ஊரார் ஏச்சை ஏற்று எதைத் தேடி வந்தாரோ, அதையே விட்டுவிட்டார்! நடிப்பில் தோற்றவர் நடிப்பை விடுவது சகஜம். நடிப்பில் ஜெயித்ததனாலேயே அதை விட்டவர் எத்தனை பேர்?

வேஷம் போனது, வாத்தியார் வந்தார்

மேடையை விட்ட பிறகு துறவு மனப்பான்மையோடு க்ஷேத்திரங்களைச் சுற்றி வந்தார். ‘சுவாமிகள்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. புதுக்கோட்டையில் கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குப் பாத்திரமாகித் தாள நுட்பங்களைக் கற்றார். ஆனால் நாடகம் அவரை விடவில்லை. ஒவ்வொரு கம்பெனியாக அவரை அழைத்தது. இம்முறை வேஷம் கட்ட அல்ல, நாடகம் எழுதவும் சொல்லிக் கொடுக்கவும்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, சாவித்திரி, நல்லதங்காள்... நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதியதாகக் கணக்கு. ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலைன்’கூட அவர் கையில் தமிழ் பேசியது. இவற்றில் எத்தனை நாடகங்கள் பெண்களின் துயரத்தையும் உறுதியையும் பற்றியவை என்று பாருங்கள். கணவன் உயிரை எமனிடம் வாதாடி மீட்டவள் சாவித்திரி. பஞ்சத்தில் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவள் நல்லதங்காள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் இந்தக் கதைகளை வரி வரியாகச் சொன்னார்கள் என்றால், அதற்குக் காரணம் நாடகக் கொட்டகைதான்.

எழுதியதைப் பேசுவதற்கு ஆள் வேண்டுமே! அங்கேதான் தொல்லை. அக்காலத்து ராஜபார்ட்டுகள் தங்கள் இஷ்டம்போல் பாடுவார்கள். வசனத்தை விட்டுவிட்டு மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கப் பார்ப்பார்கள். முன்வரிசைக் கைதட்டலுக்காகக் கதையைப் பலி கொடுப்பார்கள். 1910-ல் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’ என்று சொந்தமாக ஒரு கம்பெனியும் நடத்திப் பார்த்தார் சுவாமிகள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வளைந்து முற்றிய மூங்கிலை நிமிர்த்துவதைவிட இளங்கன்றை நட்டு வளர்ப்பது மேல். 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ உருவாயிற்று. முழுக்க முழுக்கச் சிறுவர்கள்!

அம்மாவை விட்டு வந்த பிள்ளைகள்

‘பாய்ஸ் கம்பெனி’ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் அத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தாம். அந்தப் பெயரில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தைத் தாய்மார்களாகிய நீங்கள்தான் சரியாக உணர முடியும்.

ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளை. வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை. அல்லது பிள்ளைக்குக் குரல் நன்றாக இருக்கிறது. கம்பெனி ஏஜெண்டு வருகிறார். ‘சாப்பாடு போட்டு, வித்தையும் சொல்லிக் கொடுத்து, சம்பளமும் தருகிறோம்’ என்கிறார். தகப்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வீடு, கம்பெனி வீடு. இரவு நாடகம், விழித்ததும் ஆர்மோனியத்தோடு சாதகம், பிறகு பாடம், ஒத்திகை. மாதத்துக்கு ஓர் ஊர். தவறு செய்தால் பிரம்படி கொடுத்த கம்பெனிகளும் உண்டு. காய்ச்சல் வந்தால் தலையைத் தடவ அம்மா இல்லை.

பெண் வேஷமும் பையன்களுக்கே. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திப் புகழ் பெற்றவர்தான். ஆனால் பால சபைகளில் சாவித்திரியும் தமயந்தியும் மீசை அரும்பாத பிள்ளைகளே. இங்கே இன்னொரு கண்டமும் காத்திருந்தது. நாடகக்காரர்கள் அதை ‘மகரக்கட்டு’ என்பார்கள். பதிமூன்று, பதினாலு வயதில் குரல் உடைகிறதே, அதுதான். நேற்று வரையில் ஊரையே மயக்கிய ஸ்திரீபார்ட் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். கைதட்டல் நின்றுவிடும். பல பிள்ளைகளுடைய நாடக வாழ்க்கை அதோடு முடிந்தது. படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அப்படி மறைந்துபோன பிள்ளைகளின் பெயரை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

சுவாமிகளின் சபையும் இந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் அவருடைய பிள்ளைகள் குரல் உடைந்த பிறகும் கையில் ஒன்றை வைத்திருந்தார்கள். அதுதான் தமிழ். சந்தம் பிசகாமல் பாடவும், சொல்லைக் கடித்துத் துப்பாமல் பேசவும், பாட்டுக்குப் பொருள் தெரிந்து நடிக்கவும் அவர் கற்பித்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு அந்தச் சபையே பள்ளிக்கூடம் ஆயிற்று.

ஓர் இரவில் ஒரு நாடகம்

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 1918-ல் சில சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். பெண் வேஷத்தில் பேர் வாங்கிய டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒருவனான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

பையனிடம் பொறி இருப்பதை வாத்தியார் கண்டுகொண்டார். அவனுக்கென்றே ஒரு நாடகம் எழுத ஆசைப்பட்டார். இரவு விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதும் தயார்! நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் வசனமுமாக நாலு மணி நேர நாடகம். அந்தச் சிறு பையனுக்கு அபிமன்யு வேஷம்.

பெரியவனான பிறகு சண்முகம் இதை நினைவுகூராத இடமில்லை. ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, ‘இவனால் இது முடியும்’ என்று நம்பி, ஓர் இரவுத் தூக்கத்தை விட்டு எழுதிய அந்த மனசை என்னவென்பது! நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படி நம்புகிற ஒரு வாத்தியார் வாய்த்தால், அதைவிட வேறு அதிர்ஷ்டம் வேண்டுமா?

குரல் போன பிறகு

1921-ல் சுவாமிகளை வாதநோய் தாக்கியது. கால் கை விழுந்ததோடு நிற்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. எமனாகக் கர்ஜித்த குரல், நூற்றுக் கணக்கான பிள்ளைகளுக்குப் பாட்டை எடுத்துக் கொடுத்த குரல் அடங்கிவிட்டது. ஆனால் கொட்டகையில் மாலையானால் அவருடைய வரிகளே ஒலித்தன. பேச முடியாத வாத்தியாரின் சொற்களைப் பிள்ளைகள் பேசினார்கள்.

1922 நவம்பர் 13-ந் தேதி, கம்பெனி புதுச்சேரியில் முகாம் போட்டிருந்தபோது அவர் காலமானார். வயது ஐம்பத்தைந்து. மனைவி, மக்கள் என்று ஒரு குடும்பத்தை அவர் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. ஆனால் அவரை வாத்தியார் என்று அழைத்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மூன்றே வருஷத்தில், 1925-ல், சண்முகமும் சகோதரர்களும் திருவனந்தபுரத்தில் ‘மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை’யைத் தொடங்கினார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாடெங்கும் புகழ் பெற்றவர்கள் அவர்களே. என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, ஏ. பி. நாகராஜன் எல்லாரும் அந்தச் சகோதரர்களிடம் இருந்து வந்தவர்கள்தாம். ஔவையார் நாடகத்தில் கிழவி வேஷம் போட்டுச் சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். 1973-ல் அவர் மறைந்தார். ஆனால் அதற்கு முன் அவருடைய நாடக சபையில் ஒரு சிறுவன் சேர்ந்து பயின்றிருந்தான். 1996-ல் அந்தச் சிறுவன் தானே ஒரு மாமி வேஷம் போட்டு, குருவுக்கு வணக்கமாக அந்தப் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தான். அந்தச் சிறுவன்தான் கமல்ஹாசன். அந்தப் படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பின் வேர் 1918-ம் வருஷத்து மதுரையில் இருக்கிறது!

ஒத்திகை இல்லாத நாடகம்

சுவாமிகளின் நாடகங்கள் பழங்கதையாகிவிட்டன என்று நினைக்காதீர்கள். 1926-ல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்துப் பிரபலமானது ‘வள்ளி திருமணம்’. மேடையில் புகழ் பெற்ற ‘பவளக்கொடி’ 1934-ல் சினிமாவாக வந்து, எம். கே. தியாகராஜ பாகவதரை முதன்முதலில் திரைக்குக் கொண்டு வந்தது.

இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாவுக்குப் போனால் ‘ஸ்பெஷல் நாடகம்’ பார்க்கலாம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், நாரதர் மற்றோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக ஒப்பந்தமாகித் தனித்தனியாக வந்து இறங்குவார்கள். சில சமயம் அன்று மாலைதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. ஆனால் ஆர்மோனியம் தொடங்கியதும் நாடகம் விடிய விடியத் தடையின்றி ஓடும்! எப்படி? எல்லாருக்கும் பாடம் ஒன்றே. அது சுவாமிகளின் பாடம்.

அந்த மேடையில் இன்று வள்ளியாக நிற்பவள் பையன் அல்ல, பெண். விடியற்காலையில் அரிதாரம் கலைத்து, பஸ் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்கு ஓடுகிறவள். சூசன் ஸைஸர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் மதுரையில் தங்கி அந்த நடிகைகளோடு பழகி, 2005-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். மேடையில் கைதட்டும் சமூகம் மேடையை விட்டு இறங்கியதும் அவர்களை எப்படிப் பார்க்கிறது, அந்தப் பார்வையினின்று தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் எத்தனை பாடுபடுகிறார்கள் என்பதை அதில் எழுதியிருக்கிறார். 1891-ல் உப்புக் கணக்கர் கேட்ட ‘கூத்தாடி’ என்ற சொல் இன்னும் முழுதாக ஓயவில்லை என்பது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

சாலையின் இரு முனைகள்

மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நவம்பர் மாதத்தில் அவருடைய நினைவு நாளன்று கருவடிக்குப்பத்தில் கலைஞர்கள் கூடி, அரிதாரம் இல்லாத முகத்தோடு, மாலை போட்டு வணங்குகிறார்கள்.

அடுத்த முறை திருவண்ணாமலைக்குப் போகும்போது, கீழ்பென்னாத்தூரில் கண்ணயர்ந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்தில் கூத்து நடந்தால் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். துரியோதனனுக்குக் கை தட்டுங்கள், நன்றாகவே தட்டுங்கள். விடிந்ததும், தாளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதரிடம் போய், ‘உங்கள் பெயர் என்ன, வாத்தியாரே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவர் தம் பெயரைச் சொல்லுமுன், தமக்குச் சொல்லிக் கொடுத்தவருடைய பெயரைத்தான் சொல்வார். வாத்தியார்களின் வழக்கம் அது.